தொண்டைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி

திருத்தணி ம.பொ.சி. சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, முதல் மாடியில் தேவிப்பிரியாவின் பியூட்டி பார்லர் இருக்கிறது. இரண்டு நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி, பேஷியலுக்கு ஒரு கட்டில், மூலையில் ஒரு வாஷ்பேசின். எட்டு வருடமாக நடத்துகிறாள். கல்யாண அலங்காரம், முடி வெட்டுவது எல்லாம் உண்டு என்றாலும், நாள் தவறாமல் வருகிற வேலை புருவம் திருத்துவதுதான். டீச்சர்கள், நர்சுகள், நகரியிலிருந்து பஸ் ஏறி வருகிற கல்லூரிப் பெண்கள் என்று ஒரு நாளைக்குப் பதினைந்து பேராவது வருவார்கள்.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். மற்றதை இரண்டு கை விரல்களிலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாய்ந்திருப்பவரின் முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் குனிந்து நிற்க வேண்டும். அவள் விடுகிற மூச்சு நேராக எதிரில் இருப்பவரின் மூக்கில்தான் போய் விழும். இத்தனை வருடத்தில் அதை அவள் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. போன ஆவணி மாதம் பத்மா டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்றுதான் யோசித்தாள்.

பத்மா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தேவிப்பிரியாவின் வயதுதான், முப்பத்தைந்து இருக்கும். இருபது நாளைக்கு ஒரு முறை வருவார். அன்றைக்கு இடது புருவம் முடிந்து வலது புருவத்துக்குக் குனிந்தபோது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு தலையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினார்.

"வலிக்குதா டீச்சர்?"

"இல்லம்மா."

வேலை முடிந்து எழுந்ததும் பத்மா கைப்பையைத் திறந்து மூடினார்.

"தப்பா எடுத்துக்காத பிரியா. உனக்கு வயிறு ஏதாவது சரியில்லையா? வாய்ல கொஞ்சம் வாடை வருது. போன தடவையே சொல்லணும்னு நெனச்சேன்."

தேவிப்பிரியாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "ஆங், ரெண்டு நாளா அஜீரணம் டீச்சர்" என்று சொல்லிச் சமாளித்தாள். அவர் படியிறங்கியதும் உள்ளங்கையை வாய் முன்னால் குவித்து ஊதிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தனக்குத் தெரியாமல் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு அதற்கப்புறம் அவளை விடவில்லை.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை பல் தேய்த்தாள். கடைக்குப் போகும்போது கிராம்பு, ஏலக்காய். மெடிக்கலில் பச்சை நிறத்தில் ஒரு பாட்டில் வாங்கி வந்து கொப்பளித்தாள். அரை மணி நேரம் நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும். பிறகு எந்தப் பெண்ணாவது மூக்கைத் தேய்த்தாலே போதும், அவள் நூலை விட்டுவிட்டு நிமிர்ந்துவிடுவாள். மாஸ்க் போட்டுக்கொள்ளலாம் என்றால் நூலைப் பல்லில் கடிக்க முடியாது. குனியும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். நாலு இழுப்பு இழுத்துவிட்டு, ஏதோ எடுக்கப் போகிற மாதிரி ஜன்னல் பக்கம் போய் மூச்சு விட்டுவிட்டு வருவாள்.

ஒரு நாள் பன்னிரண்டு மணி வாக்கில் கடையில் ஆள் இல்லாத நேரம். தொண்டையில் ஏதோ உறுத்துகிற மாதிரி இருக்க, வாஷ்பேசின் பக்கம் போய்க் கனைத்துத் துப்பினாள். அரிசி அளவுக்கு வெளிர் மஞ்சளாக ஒன்று விழுந்தது. காலையில் சாப்பிட்ட பொங்கல் என்றுதான் நினைத்தாள். விரலால் எடுத்து நசுக்கினாள். சோற்றுப் பருக்கை போல மசியவில்லை, மணல் மாதிரி நெருடியது. அழுகின முட்டை நாற்றம் அடித்தது. அந்த நாற்றம் தன் உடம்புக்குள்ளிருந்து வந்தது என்பதை நம்பவே அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

கதவைத் தாழிட்டுவிட்டு, போன் டார்ச்சைப் போட்டு, பெரிய கண்ணாடி முன்னால் வாயை அகலமாகத் திறந்து பார்த்தாள். உள்நாக்குக்கு வலது பக்கம், சதை திரண்ட மாதிரி இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவளுடைய அப்பா வேதாசலம். நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

வேதாசலம் பள்ளிப்பட்டில் தறி ஓட்டியவர். நாலு வருடம் முன்பு தொண்டைப் புற்றுநோயில் இறந்துபோனார். ஆரம்பத்தில் அவர் சொன்னதும் இதேதான்: "தொண்டையில இன்னாமோ மாட்டிகினு கீது பிரியா." மீன் முள்ளாக இருக்கும் என்று வீட்டில் எல்லோருமே விட்டுவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து அவள்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கடைசி நாட்களில் அவர் தண்ணீர் விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடுவார். அந்த முகம் இப்போது கண்ணாடியில் அவள் முகத்துக்குப் பின்னால் நிற்பது போலிருந்தது.

போனில் 'தொண்டையில் வெள்ளைப் புள்ளி' என்று தட்டினாள். வந்த பட்டியலில் இரண்டாவது வரியிலேயே அந்த வார்த்தை இருந்தது. அதற்கு மேல் படிக்காமல் மூடிவிட்டாள்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கணவன் பரணிதரன் அத்தை மகன்தான். சின்ன வயதிலிருந்து பாவா என்று கூப்பிட்டுப் பழகியவன். அரக்கோணத்தில் ரயில்வே வேலைகளை எடுத்துச் செய்கிற ஒரு காண்ட்ராக்டரிடம் வெல்டர். காலையில் ரயிலில் போய் சாயங்காலம் திரும்புவான். அவனிடம் பேசும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். சாப்பிடும்போது அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டாள். ஒட்டிக்கொள்கிற வியாதியா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

"இன்னா ஆச்சு உனக்கு? நாலு நாளா பேசக்கூட மாட்டேங்கிற" என்று பரணிதரன் கேட்டான்.

"ஒண்ணும் இல்ல பாவா. தலைவலி."

"நான் ஏதாவது சொல்லிட்டனா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

அந்த வாரம் நகரியில் ஒரு கல்யாணத்துக்கு மணப்பெண் அலங்காரம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டாள். பெண்ணின் அம்மா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துவிட்டு வைத்தார். எட்டு வருடத்தில் ஒப்புக்கொண்ட கல்யாணத்தை அவள் விட்டது அதுதான் முதல் தடவை.

தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை டார்ச்சோடு கண்ணாடி முன்னால் நிற்பதாக ஆகிவிட்டது. புள்ளி போகவில்லை. பெரிதான மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, அவளுக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று. புருவ முடி பிடுங்குகிற இடுக்கியை டெட்டாலில் கழுவினாள். அதுதான் கூர்மையாக இருந்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் இடுக்கி. தொண்டையில் பட்டதும் குமட்டியது. மறுபடியும் முயன்றாள். மூன்றாவது தடவை கொஞ்சம் அழுத்தினாள். வெள்ளையாக ஏதோ பெயர்ந்து வந்தது. அதோடு ரத்தமும் வந்தது.

துப்பத் துப்ப ரத்தம். வாஷ்பேசின் சிவந்துபோயிற்று. பத்து நிமிடத்தில் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அவள் தரையிலேயே உட்கார்ந்து பரணிதரனுக்குப் போன் போட்டாள். பத்மா டீச்சர் சொன்னது, மஞ்சளாக விழுந்தது, நைனா சொன்ன வார்த்தை, இடுக்கி, ரத்தம் எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் வெல்டிங் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவன் எங்கேயோ நடந்து வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் நின்றது.

"ஐஸ் தண்ணி இருந்தா வாயில வச்சிக்க. முழுங்காத. ஆட்டோ புடிச்சி ஸ்டேஷன் போ, வர்ற வண்டியில ஏறு. நான் அரக்கோணத்துல ஸ்டேஷன்லயே நிக்கிறேன்."

"பாவா, நைனாவுக்கு வந்ததுதான் எனக்கும்…"

"அத டாக்டர் சொல்லட்டும். நீ மொதல்ல கெளம்பு."

கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு ரயிலில் வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் பல் பிடுங்கிக்கொண்டு வருகிறாளோ என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள். அரக்கோணத்தில் இறங்கும்போது ரத்தம் நின்றிருந்தது. பரணிதரன் வேலைச் சட்டையோடேயே நின்றுகொண்டிருந்தான்.

காது மூக்கு தொண்டை டாக்டர் கௌதமனின் கிளினிக் ஒரு சந்துக்குள் இருந்தது. அரை மணி நேரம் காத்திருந்தார்கள். டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரக் குச்சியால் நாக்கை அழுத்திப் பார்த்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்களால் தடவி அழுத்தினார். காதுக்குள் பார்த்தார். விழுங்கச் சிரமமா, எடை குறைந்திருக்கிறதா, புகையிலை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் இல்லை என்றாள்.

"இத எதால குத்தினீங்க?"

நூல் பிடிக்கிற வேலையையும் இடுக்கியையும் அவள் சொன்னாள். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தார்.

"டான்சில்ல ரத்தக் குழாய் நெறைய இருக்கும்மா. கொஞ்சம் ஆழமா போயிருந்தா உங்கள ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கணும். இனிமே இடுக்கி, ஹேர்பின், ஊக்கு எதுவும் வாய்க்குள்ள போகக்கூடாது."

"அந்த வெள்ளையா இருக்கறது இன்னா டாக்டர்?"

"டான்சில் கல்லுன்னு சொல்றது. டான்சில் வழவழன்னு இருக்காது, குழி குழியா இருக்கும். அந்தக் குழியில சாப்பாட்டுத் துணுக்கு, உதிர்ந்த தோல், கிருமி எல்லாம் போய்த் தங்கும். நாளாக நாளாக அது மேல சுண்ணாம்புச் சத்து படிஞ்சு கெட்டியாயிடும். கிருமி அதுல இருக்கறதாலதான் அந்த வாடை. நெறைய பேருக்கு இருக்கும், அவங்களுக்கே தெரியாது. ஒட்டிக்கிற வியாதியும் இல்ல, புற்றுநோயும் இல்ல."

அவள் மூச்சு விட்டாள். ஆனால் டாக்டர் முடிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லணும். வலது டான்சில் இடதை விட பெருசா தெரியுது. நீங்க குத்தினதால வீங்கியிருக்கும்னுதான் நெனைக்கிறேன். இருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் பெருசா இருந்தா நான் அப்படியே விடமாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. வத்தலன்னா ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்."

புற்றுநோய் இல்லை என்று அவர் சொன்னது தேவிப்பிரியாவின் காதில் நிற்கவில்லை. 'ஒரு பக்கம்', 'டெஸ்ட்' என்ற இரண்டு வார்த்தைதான் நின்றது.

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார். "தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

அவள் பரணிதரனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "காலையில ஒம்பது மணிக்குக் கடைக்குப் போனா, மதியம் வீட்டுக்குப் போற வரைக்கும் குடிக்கறதில்ல டாக்டர். அப்புறம் மூணு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும்."

"ஏன்?"

"கடையில பாத்ரூம் இல்ல."

டாக்டரின் பேனா நின்றது. "எத்தன வருஷமா?"

"எட்டு வருஷம்."

"வாய் காஞ்சு கெடந்தா எச்சில் ஊறாது. எச்சில்தான் தொண்டையக் கழுவி விடுறது. அதுவும் நீங்க நாள் பூரா வாயில நூலக் கடிச்சுகிட்டு வாயாலேயே மூச்சு விடுறீங்க. மாத்திரைய விட உங்களுக்குத் தண்ணிதான் முக்கியம். சாப்பிட்ட ஒடனே வெதுவெதுப்பா உப்புத் தண்ணி வச்சு தொண்டை வரைக்கும் கொப்பளிங்க. நாக்க வழிங்க. ராத்திரி பல் தேய்க்காம படுக்காதீங்க. கல் தெரிஞ்சா கொப்பளிச்சு, கனைச்சுத் துப்புங்க. வரலன்னா விட்டுடுங்க, அதுவே விழும்."

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். பரணிதரன் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தான். பிறகு, "எனக்குத் தெரியும் பிரியா. நாலு மாசமா" என்றான்.

"இன்னாது?"

"வாடை வர்றது. சொன்னா நீ மனசு ஒடஞ்சிடுவேன்னு சொல்லல."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஊரில் உள்ள பெண்களின் முகத்தில் எல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாலு மாதமும் அவன் தெரிந்தே பக்கத்தில் இருந்திருக்கிறான். "நீ சொல்லியிருந்தா நான் டீச்சர் வாயால கேட்டிருக்க வேணாம் பாவா" என்றாள். திருத்தணி வருகிற வரைக்கும் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த இரண்டு வாரமும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், மாத்திரையை வேளை தவறாமல் போட்டாள். மூன்று வேளையும் கண்ணாடியில் பார்த்தாள். வலது பக்கம் ஒரு நாள் வற்றியிருக்கும், மறுநாள் அப்படியே இருக்கும். டார்ச் வெளிச்சம் விழுகிற கோணத்துக்குத் தக்கபடி அளவு மாறுகிறது என்று புரிந்த பிறகும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் வலிக்கிறதா என்று கவனித்தாள். அப்படிக் கவனித்ததாலேயே வலிக்கிற மாதிரி இருந்தது.

தண்ணீர் விஷயம்தான் கையில் எடுக்கக்கூடியதாக இருந்தது. கட்டடத்தின் பின்பக்கம் ஒரு கழிப்பறை உண்டு. பூட்டித்தான் கிடக்கும். பக்கத்து அறையில் பிளவுஸ் தைக்கிற மனோரமாவிடம் போய், "நீ தண்ணி குடிப்பியா?" என்று கேட்டாள். மனோரமா மிஷினை நிறுத்தினாள்.

"எங்க குடிக்கிறது? போன வருஷம் ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டுகினு வந்தேன். ஏன் கேக்குற?"

இருவரும் சேர்ந்து கட்டடச் சொந்தக்காரர் குணசேகரனின் வீட்டுக்குப் போனார்கள். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளுகிறவர்.

"அதுல பழைய போர்டு, பெயிண்ட் டப்பா எல்லாம் போட்டு வச்சிருக்கேம்மா. தண்ணி லைனும் இல்ல. இத்தன வருஷம் நீங்க அட்ஜஸ்ட் பண்ணிகினுதான இருந்தீங்க?"

வழக்கமாக இந்த இடத்தில் தேவிப்பிரியா சரி என்று வந்துவிடுவாள். அன்றைக்கு வரவில்லை.

"அட்ஜஸ்ட் பண்ணித்தாங்க தொண்டையில கல்லு வந்து நிக்குது. அடுத்த வாரம் டெஸ்ட்டா இல்லையான்னு தெரியாம உக்காந்துகினு கீறேன். எங்களுக்கு சாவி குடுங்க. போர்ட நாங்களே எடுத்துப் போட்டுக்கறோம்."

குணசேகரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சாவியோடு வந்தார். "ஞாயித்துக்கெழம பிளம்பர அனுப்பறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வரவில்லை. ஆனால் அவர்கள் இருவரும் பரணிதரனோடு சேர்ந்து அறையைக் காலி செய்து பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். பிளம்பர் புதன்கிழமை வந்தார். அதுவரை பரணிதரன் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அவள் மேஜையில் ஒரு பெரிய பாட்டில் ஏறியது. முதல் நாள், பழக்கத்தில், பாதி நாள் அதைத் தொடவே தோன்றவில்லை.

இரண்டாவது தடவை டாக்டரிடம் போகிற அன்று காலையில் அவள் கண்ணாடி பார்க்கவில்லை. பயமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தபோது கால் கட்டைவிரல் தரையில் அழுந்தியது. டாக்டர் பார்த்தார். குச்சியை மாற்றி மறுபடியும் பார்த்தார். கழுத்தைத் தடவினார். பரணிதரன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

"வத்திடுச்சு. ரெண்டும் ஒரே அளவுதான் இருக்கு. டெஸ்ட் வேணாம்."

அவள் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "எங்க நைனாவுக்கு தொண்டையிலதான் டாக்டர் வந்தது. மாட்டிகினு இருக்குதுன்னு சொன்னாரு. நாங்க முள்ளுன்னு விட்டுட்டோம்."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். "அவரு புகையிலை போடுவாரா?"

"ஆங். தறியில உக்காந்தா வாயில இருந்துகினே இருக்கும்."

"உங்களுக்கு அது இல்ல. ஆனா நீங்க பயப்பட்டது தப்புன்னு சொல்லமாட்டேன். பயந்துகிட்டு கண்ணாடி முன்னால நின்னீங்க பாருங்க, அதுதான் தப்பு. ஒரு பக்கம் மட்டும் வீங்கி வத்தாம இருந்தா, ரெண்டு மூணு வாரம் தாண்டியும் தொண்டை வலிச்சா, முழுங்க முடியலன்னா, கழுத்துல கட்டி தெரிஞ்சா, எச்சில்ல ரத்தம் வந்தா, அன்னிக்கே வாங்க. மத்தபடி கல்லு மறுபடியும் வரும். வந்தா கொப்பளிங்க."

"டான்சில எடுத்துடலாமா டாக்டர்? ஒரேயடியா போயிடுமே."

"அடிக்கடி ஜுரத்தோட வீங்கினா யோசிக்கலாம். இதுக்காக மட்டும் இப்போ தேவையில்ல."

பத்மா டீச்சர் அடுத்த முறை வந்தபோது தேவிப்பிரியா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்வதற்கு முன்னால் நூலை இரண்டு தடவை அறுத்துவிட்டாள். பத்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மஞ்சளா, சின்னதா, நசுக்கினா நாறுமே, அதுவா? எனக்குக் காலேஜ் படிக்கிற காலத்துலேர்ந்து வருது பிரியா. சோத்துப் பருக்கைன்னு நெனச்சி துப்பிகினு இருந்தேன்."

"உங்களுக்கும் வாடை வருமா டீச்சர்?"

"யாராவது சொன்னாத்தான தெரியும்?"

இருவரும் சிரிக்கவில்லை. பத்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு டாக்டரின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு மறுபடியும் சாய்ந்தார்.

நூலைப் பல்லில் கடிக்காமல் கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொண்டு செய்கிற முறை ஒன்று உண்டு. வீடியோ பார்த்துப் பழகினாள். முதலில் தன் காலில் உள்ள முடியில், பிறகு மனோரமாவின் புருவத்தில். மனோரமாவின் ஒரு புருவம் பதினைந்து நாள் பாதியாக இருந்தது. கை படிய மூன்று மாதம் பிடித்தது. இப்போது மாஸ்க் போட்டுக்கொண்டே வேலை செய்கிறாள். பரணிதரன் மேல் இருந்த கோபம் ஆற அதை விட அதிக நாள் ஆயிற்று.

மார்கழியில் ஒரு கல் வந்தது. பங்குனியில் இன்னொன்று. இரண்டும் கொப்பளிக்கும்போது தானாக விழுந்தன. விழுந்த ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், கட்டி எதுவும் இல்லை.

கண்ணாடி முன்னால் தினமும் நிற்பதை விட்டுவிட்டாள். அது பரணிதரனோடு பேசி வைத்த ஏற்பாடு. மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அவன் வீட்டில் இருக்கும்போது, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வாயைத் திறப்பாள். அவன் டார்ச் அடித்துப் பார்ப்பான்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீது."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"வலது பக்கம் இன்னொரு தடவ பாரு பாவா" என்பாள். அவன் முணுமுணுக்காமல் மறுபடியும் குனிந்து பார்ப்பான்.